மாரிச்சாமி அண்ணன் மலைக்குள்ளே இருக்கிறார்

செய்தியைச் சொன்னவன் பெருமாள். போடிமெட்டுப் பாதையில் எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அவனுடையது. வண்டியில் ஆள் இருக்கும்போது அவன் போனைத் தொடமாட்டான். அன்று காலை ஜீப்பு ஓடும் நேரத்தில் அவன் பெயர் திரையில் தெரிந்தது. "யக்கா, கடையில இருக்கீகளா? உக்காந்துக்கங்க" என்றான். நான் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துதான் இருந்தேன். "மாரியண்ணே தவறிட்டாருக்கா. காலைல காப்பி குடிச்சிட்டு நெஞ்சைப் பிடிச்சிருக்காரு. தேனிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." பின்னால் ஜீப்பில் இருந்த பெண்கள், வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்பது எனக்குக் கேட்டது. பேசி முடிக்கும்வரை என் கால் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ரவிக்கையின் கைத்துளையைக் கை வைக்க இடமில்லாமல் முழுக்கத் தைத்து மூடியிருந்தேன். அதைப் பிறகு பிரித்துத்தான் எடுத்தேன்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்களுக்கு மாரிச்சாமி என்றால் எலக்ட்ரானிக் தராசும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கிறவர். என் தையல் கடைக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய கடை. மலையில் காய் உலர்த்தும் ஸ்டோர்களில் தராசு மக்கர் பண்ணினால் பையைத் தூக்கிக்கொண்டு பெருமாளின் ஜீப்பில் ஏறிவிடுவார். ஆனால் எங்களில் சிலருக்கு, யாருக்காக இதை எழுதுகிறேனோ அந்தச் சிலருக்கு, அவர் 'மலைக்குள்ளே' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து நடத்தியவர். அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். 'நீங்கள் ஒரு குறுகிய வழியில் நிற்கிறீர்கள். வடக்கே தண்ணீர் சொட்டுகிறது. தரையில் ஒரு கயிறு கிடக்கிறது' என்று திரை சொல்லும். 'கயிற்றை எடு' என்றோ 'வடக்கே போ' என்றோ நாம் எழுத வேண்டும். அதற்கு அது பதில் எழுதும். இவ்வளவுதான் விளையாட்டு. இதற்குள் நாங்கள் வருஷக்கணக்காக அலைந்தோம், சண்டை போட்டோம், செத்துச் செத்துப் பிழைத்தோம்.

ராசிங்காபுரத்தில், அவர் சொந்த ஊரில், எல்லாம் முடிந்து வீடு திரும்பினேன். தலைக்குக் குளித்துவிட்டு, கை சும்மா இருக்காமல் போனில் விளையாட்டைத் திறந்தேன். 'இது வவ்வால் அறை. ஜோதி, லீலா, பெருமாள் இங்கே இருக்கிறார்கள். மாரிச்சாமி இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் விளக்கு எரிகிறது' என்று எழுதியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். அவர் தவறியதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் நான்கு பேரும், ஜோதியாகிய நானும் பெருமாளும் மலைத்தோட்டத்து லீலா அக்காவும் அண்ணனும், மலையின் அடியிலிருந்து மேலே ஏறிவந்துகொண்டிருந்தோம். பாதி வழியில், "நாளைக்கு ஏறிக்கிருவோம். போய் அவக அவக சோலியைப் பாருங்க" என்று அவர்தான் எழுதினார். போனை மூடினால் அந்த விளையாட்டில் வெளியே வந்ததாக ஆகாது. விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்போம். அவரும் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. மலைக்குள்ளே நுழைந்தவர்கள் அத்தனை பேரும் வாசலுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொருவரும் 'ஏறியாச்சு' என்று எழுதினால்தான் வெளிக்கதவு திறக்கும். ஒருவர் குறைந்தாலும் 'இன்னும் ஆள் வரவில்லை' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன். விளையாட்டு ஓடுவது அவர் கடையின் பின்கட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரில். கடையைக் காலி செய்துகொடுக்கும்படி கட்டடக்காரர் தன்மையாகத்தான் கேட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிஷினை அமர்த்தாமல், அதாவது அணைக்காமல், இடம் மாற்ற முடியாது. "உள்ள ஆள் இருக்கறப்ப அமத்துனீகன்னா எல்லாம் கொழம்பிப் போகும், பெறகு எந்திரிக்கவே செய்யாது" என்று அண்ணன் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆக, கதவு திறந்து எல்லாரும் வெளியே வந்தால்தான் அவர் எழுதிய மலை பிழைக்கும். எல்லாரும் என்றால் அவரும்தான். அவரை எங்கே போய் அழைத்து வருவது?

இந்த மலையை அவர் எழுத ஆரம்பித்தது, பொட்டிபுரம் பக்கம் மலையைக் குடைந்து ஆராய்ச்சி நிலையம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலத்தில். டீக்கடையில் ஆளுக்கொரு கட்சி பேசினார்கள். அண்ணன் டீயைக் குடித்துவிட்டு, "அவுக தோண்டுறாகளோ இல்லையோ, நான் தோண்ட ஆரம்பிச்சிட்டேன்" என்றார். அவருடைய அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ராசிங்காபுரத்தில் நல்ல விவசாயி. "காட்டைக் கொத்துடான்னா கம்ப்யூட்டரைக் கொத்துறான்" என்று என் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போவார். மகன் ராத்திரி பகலாக எதையோ தட்டிக்கொண்டிருக்கிறானே என்ற கவலை அவருக்கு. எனக்கும் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது, அதை நான் மறைக்கவும் இல்லை. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் என் போனை வாங்கி, "ஏத்தா ஜோதி, ஒரே ஒரு தடவை உள்ள போய்ட்டு வா. பெறகு திட்டு" என்று திறந்து கொடுத்தார்.

போன வேகத்தில் ஒரு கதவின் முன்னால் மாட்டிக்கொண்டேன். 'கதவு பூட்டியிருக்கிறது' என்றது திரை. சாவியைத் தேடி எல்லா மூலையும் துழாவினேன். 'உடை' என்றேன், 'தள்ளு' என்றேன், கடைசியில் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினேன். 'இந்தச் சொல் எனக்குத் தெரியாது' என்று பணிவாகப் பதில் வந்தது. இரண்டு கடைக்கும் கேட்கிறமாதிரி அண்ணனைக் கூப்பிட்டுச் சண்டைக்குப் போனேன். "பூட்டிருக்குன்னுதான எழுதிருக்கேன். தொறக்காதுன்னா எழுதிருக்கேன்?" என்றார். மறுநாள் அதே கதவின் முன்னால் நின்று அதே வசவை எழுதினேன். 'இப்போது தெரியும். ஆனாலும் கதவு திறக்காது, ஜோதி' என்றது திரை. நான் சிரித்த சிரிப்பில் அளவு கொடுக்க வந்தவள் பயந்துபோனாள். கதவைத் தட்ட வேண்டியதுதான் என்பது கடைசிவரை எனக்குத் தோன்றவில்லை. கடை வைத்திருப்பவளுக்குக் கதவு என்றால் பூட்டும் சாவியும்தான். பெருமாள் வந்து முதல் தடவையே தட்டித் திறந்துவிட்டான்.

லீலா அக்காவை எங்களோடு சேர்த்துவிட்டது ஒரு தராசு. போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவில் ஒரு ஏலத்தோட்டத்தில் அவர் காய் எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. அங்கேயே எஸ்டேட் குடியிருப்பில், அவர்கள் பேச்சில் லயத்தில், வீடு. தராசு பார்க்கப் போன அண்ணன், ஸ்டோர் வாசலில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று போனை ஆட்டிக்கொண்டிருந்த லீலா அக்காவைப் பார்த்திருக்கிறார். அந்தக் கல்லில் மட்டும்தான் சிக்னல் கொஞ்சம் எடுக்கும். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும், எழுத்து மட்டும் தத்தித் தத்தி வந்து சேரும். "அப்படின்னா ஒங்களுக்குத்தான் நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்" என்று இவர் சொல்ல, அக்கா வேலை முடிந்ததும் கல்லில் ஏறி மலைக்குள்ளே இறங்கத் தொடங்கினார். எழுதும்போது அவருக்குத் தமிழோடு மலையாளமும் கலந்து வரும். இங்கே நில் என்பதை 'இவிடே நில்லு' என்று எழுதுவார். விளையாட்டுக்கு அது புரியாது. அண்ணன் உடனே உட்கார்ந்து அந்த வார்த்தையையும் அதற்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். 'கொண்டா', 'வெரசாப் போ', 'ஒதுங்கு' எல்லாம் அப்படி ஏறியவைதான். "நம்ம ஆளுக வாயில வர்றது எம் மலைக்குள்ள செல்லணும்ல" என்பார்.

கதவு ஏற்பாடு வந்தது லீலா அக்காவின் கோபத்தால். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். முதல் ஆள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மலைக்குள்ளே வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஒரு சாயங்காலம் லீலா அக்காவுக்குச் சிக்னல் போய்விட்டது. அவர் சத்தமில்லாமல் இருக்கவே, முன்னால் போயிருப்பார் என்று நானும் பெருமாளும் வெளியே வந்துவிட்டோம். அக்கா திரும்பக் கல்லில் ஏறிப் பார்த்தால், 'வெள்ளம் உங்களை அடித்துப் போனது' என்று எழுதியிருக்கிறது. அடுத்த தடவை ஊருக்கு வந்தவர் நேரே அண்ணன் கடைக்கு வந்தார். "எங்க எஸ்டேட்டுல ஒரு ஆள் கொறஞ்சா ஜீப்பு நகராது, கேட்டோ! யானை நிக்கிற காடு அது. டிரைவர் திரும்பி ஆளை எண்ணி, ஒவ்வொருத்தியும் ஏறியாச்சுன்னு வாய்விட்டுச் சொன்னாத்தான் வண்டி எடுக்கணும். நீங்க எல்லாம் மனுசங்கதானா?" என்று கேட்டுவிட்டார். அது விளையாட்டு அக்கா என்று நான் குறுக்கே போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் பெருமாளின் ஜீப்பில் சோலி இல்லாமலே ஏறி மேலே போனார். வேலை முடிந்து பெண்கள் வண்டியில் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். பெருமாள் எப்படித் திரும்புகிறான், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறான், யாராவது பதில் சொல்லாமல் தூங்கிவிட்டால் என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். "தராசு பாக்கறாப்புல பாத்தாருக்கா" என்றான் பெருமாள். பார்த்ததை அப்படியே விளையாட்டில் ஏற்றினார். வெள்ளத்தை எடுத்தார், வாசலுக்குக் கதவு போட்டார். அன்றிலிருந்து எங்களில் ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். என்னைப் போல அவசரக்காரிக்கு அது பெரிய தண்டனை. 'லீலாக்கா, எங்கதான் இருக்கீக' என்று நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து போடிமெட்டுப் பாதை அடைபட்டது. வண்டி எதுவும் போகவில்லை. லீலா அக்கா லயத்தில் மாட்டிக்கொண்டார், அவர் மகள் கீழே போடியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அதைச் சொன்னாலும் தாய்க்கு மனம் ஆறவில்லை. போனில் பேச்சு நிற்காமல் அறுந்து அறுந்து போனது. மலைக்குள்ளே மட்டும் அவரால் எழுத முடிந்தது. 'பயமாட்டு இருக்கு. லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சுக் கிடக்கு' என்று எழுதினார். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அக்கா மலைக்குள்ளே ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, இவர் அதற்கு அடுத்த அறையை அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடவில்லை. "இம்புட்டு அவசரமா என்னத்த எழுதுறீக அண்ணே?" என்று கேட்டேன். "அவ நடக்கறதுக்கு எடம் வேணும்லத்தா" என்றார். பாதை திறக்கும்வரை அக்கா நடந்துகொண்டே இருந்தார். இன்றும் அந்த அறைகளில் எழுத்துப் பிழை நிறைய இருக்கும். அவற்றைத் திருத்தக் கூடாது என்று லீலா அக்கா சொல்லிவிட்டார்.

எல்லா அறையும் அவர் எழுதியதுதான் என்றாலும், எங்களோடு வரும்போது அவர் முன்னால் போகமாட்டார். விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். எங்கே பள்ளம், எங்கே படுகுழி என்று அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். ஒரு தடவை பெருமாள் என் கண்முன்னே பாறையிடுக்கில் விழப்போகிறான், இவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். "சொன்னா என்ன அண்ணே கொறஞ்சா போகும்?" என்று கடைக்கே போய்க் கேட்டேன். "நான் முன்ன போனா நீங்க எம் முதுகத்தான் பாப்பீக. பின்னால வந்தா நீங்க பாக்கறத நானும் பாக்கலாம்ல" என்றார். அவர் எழுதிய இடத்தையே எங்கள் கண்ணால் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். அது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது, சரியான அழுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணனின் மனைவி பொன்னுத்தாயி மதினிக்கு இந்த விளையாட்டின் மேல் தீராத மனத்தாங்கல் இருந்தது. அதை நான் எழுதாமல் விட்டால் அண்ணனைப் பற்றி முழுதாக எழுதியதாகாது. துட்டி கேட்கப் போன துக்க வீட்டில், கூட்டம் குறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வீட்டுல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா தலைய ஆட்டுவாரு. அங்க பக்கம் பக்கமா எழுதிருக்காராம்ல. என்னதான்த்தா எழுதுனாரு மனுசன்?" காரியம் முடிந்த பிறகு என் போனை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு அறையில் இப்படி இருக்கிறது: 'இங்கே ஈரம் இல்லை. அடுப்பு அணைந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, சூடு இன்னும் இருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார இடம் உண்டு. யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள்.' மதினி கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இது எங்க அடுப்படி" என்றார். "சாப்பிட்டுட்டு அங்கதான் சாஞ்சு கெடப்பாரு. எந்திரிங்கன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல." அதற்குப் பிறகு அவர் விளையாட்டைப் பற்றி மனத்தாங்கலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த அறையைப் படிக்கச் சொன்னார்.

கடையைக் காலி செய்ய வேண்டிய வாரம் வந்தது. தேனியிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைப் பெருமாள் கடைக்குக் கூட்டி வந்தான், மதினியும் வந்திருந்தார். பையன் என்று சொல்ல முடியாது, நரைத்தவர், பொறுமையானவர். அண்ணன் எழுதிய புரோகிராமையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய வேலை செஞ்சு வச்சிருக்காருங்க. நான் மேலோட்டமாத்தான் பாத்தேன், முழுசாப் புரிய நாளாகும். மிஷினை உடனே எடுக்கணும்னா ஒரு வழிதான். உள்ள இருக்கற அவரு பேரை அழிச்சிரலாம்" என்றார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். பெருமாள் எழுந்து வெளியே போய்விட்டான். "அந்தப் பேச்சு வேணாம்ங்கய்யா" என்றார் மதினி. இன்னொரு வழியும் சொன்னார் தேனிக்காரர். அண்ணனின் மிஷின் அவர் பெயரிலேயே திறந்திருக்கிறது, மதினி அதில் உட்கார்ந்து அண்ணனை வாசலுக்கு நடத்திவந்து, அவருக்குப் பதிலாக 'ஏறியாச்சு' என்று எழுதிவிடலாம். மதினி நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. "அவரு வராம வந்தாச்சுன்னு எங் கையால எழுத மாட்டேன்" என்றார்.

எனக்கு ஒரே ஒரு யோசனை மிச்சம் இருந்தது. மலைக்குள்ளே கனமான பொருள்களை நாங்கள் கூடித் தூக்கியிருக்கிறோம். மேலே தோட்டத்தில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கட்டிக் கழியில் தூக்கித்தான் பாதைக்குக் கொண்டுவருவார்கள். அதுபோல அண்ணனைத் தூக்கிவந்துவிடலாம் என்று நினைத்தேன். வெளியே நின்ற பெருமாளை உள்ளே அழைத்தேன், லீலா அக்கா கல்லில் ஏறும் நேரம் பார்த்துப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னேன். மூன்று பேரும் ஒன்றாக 'மாரிச்சாமியைத் தூக்கு' என்று எழுதினோம். 'மனிதர்களைத் தூக்க முடியாது. அவர்கள் தாங்களே நடப்பார்கள்' என்று பதில் வந்தது. திரும்ப எழுதினோம். திரும்பவும் அதேதான் வந்தது. அப்படி ஒரு நாள் வரும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. நான் போனை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"போனா எல்லாமும் போகட்டும்" என்று லீலா அக்காவின் குரல் போனிலிருந்து வந்தது. "ஆனா வாசல் வரைக்கும் போய் நிப்போம். அண்ணனுக்கு அந்த மரியாதைய செய்யணும்." அது எங்களுக்குச் சரியாகப் பட்டது. வவ்வால் அறையை விட்டுக் கிளம்பினோம். 'மாரிச்சாமி இங்கே உட்கார்ந்திருக்கிறார்' என்ற வரியைப் பெருமாள் வாய்விட்டுப் படித்துவிட்டு 'மேலே போ' என்று எழுதினான். விளக்கு இல்லாமல் போனதால் வழி சரியாகத் தெரியவில்லை, தடவித் தடவித்தான் ஏறினோம். மதினி என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்ததும் முதலில் லீலா அக்கா எழுதினார், 'ஏறியாச்சு'. பெருமாள் எழுதினான். நான் எழுதினேன். 'இன்னும் ஆள் வரவில்லை' என்று வரும், அதைப் பார்த்துவிட்டு மிஷினை அமர்த்திவிடலாம் என்று காத்திருந்தோம்.

'எல்லாரும் வந்தாச்சு. கதவு திறக்கிறது. வெளியே நல்ல வெயில்' என்றது திரை.

தேனிக்காரர்தான் குனிந்து அண்ணனின் புரோகிராமில் தேடிப் பார்த்துவிட்டு, "வெளக்குப் பிடிக்கிற ஆளு கணக்குலயே இல்லைங்க" என்றார். நாங்கள் இத்தனை வருஷமும் வாசலில் நிற்கும்போது அவரும் எங்களோடு நின்று 'ஏறியாச்சு' என்று எழுதுவார். அது எங்கள் திருப்திக்காக எழுதியது என்று எங்களுக்குத் தெரியாது. "நான் செஞ்சதத்தான்க்கா அப்படியே பாத்து எழுதிருக்காரு" என்றான் பெருமாள். "திரும்பி எல்லாரையும் எண்ணுவேன். ஸ்டேரிங்கப் பிடிச்சிருக்கற ஆளை எவன் எண்ணுவான்?" அதற்குள் லீலா அக்கா 'உள்ளே போ' என்று எழுதிவிட்டார். "ஒரு ஆளை விட்டுட்டு எப்படி வருவேன்? எனக்கு அது பழக்கம் இல்ல, ஜோதி, எனக்கு அது பழக்கம் இல்ல" என்று போனில் அழுதார். நானும் அவர் பின்னாலேயே போயிருப்பேன். உண்மையில் அந்தக் கதவு திறக்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மதினிதான் போனை என்னிடமிருந்து வாங்கினார். "லீலா, நான் பொன்னுத்தாயி பேசுறேன். வெளிய வாத்தா" என்றார். "நீங்க நிக்கிறதுக்காக அவரு இந்தக் கதவை எழுதல. நீங்க வீடு போய்ச் சேரணும்னுதான் எழுதிருக்காரு. தொறந்திருக்கறப்பவே வந்துருங்க." அக்கா 'வெளியே வா' என்று எழுதினார், திரை அவரை வெளியே விட்டது. பெருமாளும் நானும் அவர் பின்னாலேயே வந்தோம். மதினி அண்ணனின் நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தார். "இந்தப் பட்டனாங்கய்யா?" என்று தேனிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மிஷினைத் தன் கையாலேயே அமர்த்தினார். வெள்ளை எழுத்து போய்த் திரை கறுத்தது. மதினி அந்தத் திரையைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

மிஷின் இப்போது என் தையல் கடையின் உள்ளறையில் இருக்கிறது. போட்டதும் எழுந்துகொண்டது, மலையில் ஒரு கல்லும் குறையவில்லை. கணக்கில் இல்லாத அண்ணனின் பெயர் மட்டும் மிஷினை அமர்த்தியதோடு போய்விட்டது. நீங்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், வழி பழைய வழிதான். தேனிக்காரரிடம் சொல்லி ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினோம். பெருமாள் பிடிவாதமாக நின்றதால் விளக்குப் பிடிக்கிறவரையும் சேர்த்து எண்ணித்தான் இனிமேல் கதவு திறக்கும். விளக்கு இப்போது என் கையில். முன்னால் ஓடிப்போய்ப் பழக்கப்பட்டவள், பின்னால் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வவ்வால் அறை. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் தனியாக இறங்கிப் போவேன். அவர் பெயர் அங்கே இல்லை, இருக்காது என்று தெரிந்தேதான் போகிறேன். 'சுற்றிலும் பார்' என்று எழுதுவேன். 'இது வவ்வால் அறை. இங்கே வேறு யாரும் இல்லை' என்று திரை சொல்லும். மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த வரியையும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.